70 ஆயிரம் இருக்கு: புது பாடியா, லென்ஸா? ராத்திரி கூத்து எடுக்கறவனுக்கு சொல்லுங்க

கெடிலக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் நான். எங்கிட்ட இருக்கறது கேனான் 1300டி பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதோட வந்த 18-55 கிட் லென்ஸ், அவ்ளோதான். சீட்டு எடுத்ததுல 70 ஆயிரம் கைக்கு வருது, வீட்ல இது கேமராவுக்குத்தான்னு சொல்லி வச்சிட்டேன், வேற ஏதாவது செலவு வந்து நிக்கறதுக்குள்ள வாங்கிடணும்.

நான் அதிகமா எடுக்கறது தெருக்கூத்து. பண்ருட்டி பக்கத்து ஊருங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா ராத்திரி பூரா உக்காந்து எடுப்பேன், விடியக்காலம் வரைக்கும். அப்புறம் சொந்தக்காரங்க கல்யாணம், காதுகுத்து. தேவனாம்பட்டினத்துல காலையில வலை இழுக்கறத எடுப்பேன், அதுல பிரச்சன இல்ல, நல்லாவே வருது. கூத்து போட்டோதான் ஒண்ணு ஆடிப்போய் வருது, இல்லன்னா ஒரே புள்ளி புள்ளியா வருது.

கடையில கேனான் ஆர்10 (உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா) எடுத்துக்கங்கன்றாங்க, கிட்டோட 80 தாண்டுது, கொஞ்சம் கைமாத்து வாங்குனா முடிஞ்சிடும். என் ஃப்ரெண்டு லென்ஸ் வாங்குடான்றான். ரெண்டு பேரும் அடிச்சி சொல்றாங்க. நீங்க சொல்லுங்க.

பாண்டி_பிரைம்

லென்ஸ். இதுல யோசிக்க என்னா இருக்கு ப்ரோ. 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் (எஃப் நம்பர் கொறைய கொறைய வெளிச்சம் அதிகமா உள்ள வரும்) பத்தாயிரத்த ஒட்டி வரும், மீதி பணத்துல தூரத்துக்கு 55-250, வைடுக்கு 10-18 ரெண்டும் பாத்துக்கலாம். பாடி மூணு வருஷத்துல பழசாயிடும், லென்ஸ் நிக்கும். நான் பாரதி பூங்கா, பீச் ரோடு, வைத்திக்குப்பம் மாசிமகம் எல்லாம் பழைய பாடியிலதான் எடுத்துக்கினு இருக்கேன், ஒருத்தனும் என்ன பாடின்னு கேட்டதில்ல.

முகூர்த்தக்_கேமரா

"பாடி பழசாயிடும், லென்ஸ் நிக்கும்". இத கேட்டு கேட்டு காது புளிச்சிப்போச்சி. தம்பி, நான் திருவந்திபுரத்துல கல்யாணம் எடுக்கற ஆளு. முகூர்த்த நாள்ல அங்க மலை மேல மண்டபத்துல எத்தன ஜோடி நிக்கும்னு கடலூர்க்காரன் உனக்கு சொல்ல வேண்டியதில்ல. ஒரு தாலி கட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த பார்ட்டி வந்து நிப்பாங்க, நடுவுல எவனாவது மொபைல தூக்கிக்கினு குறுக்க வருவான். அந்த நேரத்துல ஃபோகஸ் ஒரு தடவ போய் பின்னாடி நிக்கற மாமா மேல உக்காந்துட்டா கதை முடிஞ்சிது, இன்னொரு தடவ கட்டுங்கன்னு கேக்க முடியுமா. 1300டில ஃபோகஸ் பாயின்ட் 9, அதுல நடுவுல இருக்கற ஒண்ணுதான் கிராஸ் டைப், அதாவது நெட்டு கோடு குறுக்கு கோடு ரெண்டையும் புடிக்கும். இருட்டுல ஓரத்து பாயின்ட் எல்லாம் தேடிக்கிட்டே கெடக்கும். அந்த பாடியில எஃப் 1.8 மாட்டுனா என்ன ஆவும்? வெளிச்சம் வரும், ஆனா ஃபோகஸ் ஆவுற இடம் மெல்லிசா ஆயிடும், தப்பு இன்னும் அதிகமா தெரியும்.

ஆர்10 எடு. கண்ண கண்டுபிடிச்சி பின்னாடியே போவும்.

பாண்டி_பிரைம்

அண்ணா நீங்க தொழில் பண்றீங்க, உங்களுக்கு ரெண்டு கார்டு ஸ்லாட்டு வேணும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கணும். அவருக்கு அதெல்லாம் எதுக்கு. அதுவுமில்லாம ஆர்10ல கார்டு ஸ்லாட்டே ஒண்ணுதான்.

முகூர்த்தக்_கேமரா

ஸ்லாட்ட பத்தி நான் எங்க சொன்னேன்? ஃபோகஸ பத்தி பேசறேன்.

ஊசுடு_நாரை

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. அவர் எடுத்த போட்டோவ பாக்காமயே மருந்து எழுதிக்கினு இருக்கோம். கெடிலக்கரையான், கெட்டுப்போன கூத்து போட்டோவுல ரெண்டு எடுத்து அதோட விவரத்த போடுங்க, எத்தன எம்எம், எஃப் எவ்ளோ, ஷட்டர் (எத்தன நொடி திறந்திருந்துது), ஐஎஸ்ஓ (ஏத்துனா போட்டோ வெளிச்சமாவும், புள்ளியும் ஏறும்). போட்டோ வேணாம், நம்பர் போதும். ராவ்ல (சென்சார் புடிச்சத அப்படியே வைக்கற ஃபைல்) எடுக்கறீங்களா ஜேபெக்கா, அதையும் சொல்லுங்க.

கெடிலக்கரையான்

பாத்துட்டேன் சார். ஆடிப்போனது: 55 எம்எம், எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400. துரியோதனன் திரைய விட்டு வெளிய வந்து சுத்தி ஆடறது, முகம் கலங்கி கிரீடம் ரெண்டா தெரியுது. இன்னொண்ணு 48 எம்எம், எஃப் 5.6, 1/40, அதுவும் 6400. எல்லாம் ஜேபெக்தான், ராவ் எடுத்தா கார்டு ரொம்பிடுதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம் மொத்தமா உருட்டி பாத்தா கூத்துல முக்கால்வாசி போட்டோ 45ல இருந்து 55க்குள்ளதான் இருக்கு. இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல.

ஊசுடு_நாரை

இப்ப பேசலாம்.

நீங்க நிக்கற இடத்துலயே எஃப் 5.6க்கு பதிலா எஃப் 2 கிடைச்சா வெளிச்சம் எட்டு மடங்கு. அதாவது அதே 6400ல 1/60 இருந்த இடத்துல கிட்டத்தட்ட 1/500 வரும். இல்ல புள்ளியையும் கொறைக்கணும்னா ஐஎஸ்ஓவ 3200க்கு எறக்கி 1/250ல எடுக்கலாம். ஆடறதும் நிக்கும், புள்ளியும் கொறையும். பத்தாயிரம் ரூபா லென்ஸ் பண்ற வேலை இது. உங்க போட்டோவெல்லாம் 50 எம்எம் சுத்தியே இருக்கறதால லென்ஸ் எதுன்னு தேடவும் வேணாம்.

இப்ப ஆர்10 கிட்ட பாருங்க. அதோட வர்றது 18-45, அந்த கோடியில எஃப் 6.3. உங்க பழைய கிட்ட விட கொஞ்சம் இருட்டு! புது சென்சார் கொஞ்சம் மேல குடுக்கும், கண்ண புடிக்கும், வாஸ்தவம். ஆனா திரை பக்கத்துல ரெண்டு டியூப் லைட்டு மட்டும் எரியற ஊர்ல எஃப் 6.3ய வச்சிக்கினு அது என்ன பண்ணும்? உங்க ஐஎஸ்ஓ இன்னும் ஏறத்தான் செய்யும். 80 ஆயிரம் செலவு பண்ணி அதே ஆடிப்போன துரியோதனன கூர்மையான ஃபோகஸ்ல வாங்கறதுக்கு சமம்.

ஆர்10ல பாடிக்குள்ள ஸ்டெபிலைசர் கெடையாதுன்றது தனி. இருந்தாலும் அது நம்ம கை ஆடறதத்தான் நிறுத்தும், வேஷக்காரர் ஆடறத நிறுத்தாது. இத பல பேரு குழப்பிக்கறாங்க, கடையிலயும் குழப்பி விடுவாங்க.

முகூர்த்தக்_கேமரா

சரி, கணக்கு கரெக்டு. கிட் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா நான் ஆர்10ன்னு சொன்னா பாடி மட்டும் எடுத்து அடாப்டர் போட்டு இதே 50ய மாட்டறத சொல்றேன். இஎஃப் லென்ஸ் (கேனானோட பழைய மவுண்ட்) அடாப்டர்ல போட்டா ஃபோகஸ் கொஞ்சம் கூட கொறையாது, இன்னும் நல்லாவே புடிக்கும்.

பாண்டி_பிரைம்

பாடி மட்டுமே அவர் பட்ஜெட்ட முழுங்கிடும், அடாப்டர் தனி, லென்ஸ் தனி. கைமாத்து வாங்கி கேமரா வாங்கற அளவுக்கு போவாதீங்க ப்ரோ. சீட்டு பணம் சீட்டு பணமாவே இருக்கட்டும்.

அலையாத்தி

நடுவுல வரேன். ஒரு பைசா செலவில்லாம மொதல்ல செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, ராவ்ல எடுங்க. 6400ல ஜேபெக் எடுத்தா கேமராவே புள்ளிய அழிக்கறேன்னு ஜரிகை, புஜகீர்த்தி கண்ணாடி வேலப்பாடு எல்லாத்தையும் வழிச்சி எடுத்துடும், அப்புறம் எதுவும் திரும்பி வராது. ராவ் இருந்தா கம்ப்யூட்டர்ல நிதானமா பண்ணலாம். டார்க்டேபிள்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம். காசு கட்டி லைட்ரூம் வச்சிருக்கறவங்களுக்கு 2023ல இருந்து அதுல புள்ளிய எடுக்கற ஏஐ டீநாய்ஸ் இருக்கு, ராவ் ஃபைலுக்கு அது பண்றத பாத்தா பழைய பாடிக்கு பாதி வயசு கொறைஞ்சிடும். கார்டு ரொம்புதுன்னா 64 ஜிபி ஒண்ணு வாங்குங்க, இந்த விவாதத்துலயே மலிவான பொருள் அதுதான்.

கெடிலக்கரையான்

அக்கா ராவ் எடுத்தா பர்ஸ்ட் அடிக்கும்போது நின்னு நின்னு போவுதே, அதனாலயும்தான் விட்டேன்.

அலையாத்தி

போவும். 1300டி நொடிக்கு 3 ஃபிரேம்தான், ராவ்ல சீக்கிரமே மூச்சு வாங்கும். கூத்துக்கு தொடர்ந்து அடிக்கறது எதுக்கு? அடவு எப்ப முடியும், எப்ப ஒரு நொடி நின்னு பாப்பாங்கன்னு உங்களுக்கு தெரியுமே, தாளத்துக்கு ஒண்ணு எடுங்க.

ஓடி_துறைமுகம்

யாரும் ஃபுல் பிரேம் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) பத்தி பேசலயே. நான் சொல்றேன், செகண்ட்ஸ்ல 6டி. 2012ல வந்த கேமரா, 20 மெகாபிக்சல், பழசுதான், ஆனா அதோட நடு பாயின்ட் மைனஸ் 3 இவி வரைக்கும் ஃபோகஸ் புடிக்கும், அதாவது நிலா வெளிச்சத்துல. சென்சார் பெருசு, 1300டி மாதிரி சின்ன சென்சார் இருக்கற கிராப் பாடிய விட ஒண்ணேகால் ஸ்டாப்புக்கு மேல லாபம் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்). எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடறதால இந்த மாதிரி பாடி எல்லாம் இப்ப சீப்பா வருது. 6டி + 50 1.8, எழுவதுக்குள்ள அடங்கி கையில கொஞ்சம் மிஞ்சும். கூத்துக்குன்னே செஞ்ச காம்பினேஷன். நான் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் எல்லாம் விடியறதுக்கு முன்னாடி அதுலதான் எடுக்கறேன்.

பாண்டி_பிரைம்

அவர் கிட்ட இருக்கற 18-55 அதுல மாட்டவே மாட்டாது ப்ரோ. கிராப் பாடிக்குன்னு செஞ்ச இஎஃப்-எஸ் லென்ஸ் எதுவும் 6டில ஏறாது. அப்ப கல்யாணத்துக்கு வைடுக்கு என்ன பண்ணுவாரு, 50ய வச்சிக்கினு சுவரோட சுவரா ஒட்டிக்கினு நிக்கணும்.

ஓடி_துறைமுகம்

1300டிய விக்க வேணாமே. அதுல கிட், இதுல 50. ரெண்டு பாடி.

ஊசுடு_நாரை

6டி கெட்ட யோசனை இல்ல. ஆனா ஒரு கணக்கு பாக்கணும். 1300டில 50 எம்எம் மாட்டி 5 மீட்டர் தள்ளி நின்னு கேமராவ நெட்டுக்கு புடிச்சா உயரத்துல சுமார் 2.2 மீட்டர் அடங்கும், கிரீடத்தோட முழு ஆளு கச்சிதமா வருவாரு. அந்த தூரத்துல எஃப் 2 வச்சா முன்ன பின்ன முக்கால் மீட்டர் அளவுக்கு தெளிவா நிக்கும், முகூர்த்த அண்ணன் பயப்படற அளவுக்கு மெல்லிசு இல்ல. (அவர் பயம் மணமேடைக்கு சரி, அங்க 2 மீட்டர்ல நிப்போம், அப்ப நாலஞ்சு அங்குலம்தான் தெளிவா இருக்கும்.)

அதே 50ய 6டில மாட்டுனா அதே ஆள அதே அளவு எடுக்க 3 மீட்டருக்கு கிட்ட வரணும். கூத்துல 3 மீட்டர்னா நீங்க ஆடுகளத்துக்கு உள்ளயே நிக்கறீங்க, முன் வரிசையில உக்காந்திருக்கற பாட்டிங்க சும்மா விட மாட்டாங்க. அப்ப 85 எஃப் 1.8 வேணும், பட்ஜெட் அங்க போயிடுது. இந்த வேலைக்கு கிராப் பாடிதான் சௌகரியம்னு நான் நெனைக்கறேன்.

கெடிலக்கரையான்

பாட்டிங்க விஷயம் நூத்துக்கு நூறு. எழுந்து நின்னாலே துண்ட வீசுவாங்க.

சார் அப்ப 50 மட்டும் வாங்கிட்டா போதுமா? மீதி பணத்துக்கு 55-250யும் 10-18ம் எடுத்துடலாமா? நெறைய லென்ஸ் இருந்தா நல்லாதானே.

முகூர்த்தக்_கேமரா

இரு இரு. எல்லாரும் 1/250 1/500னு அள்ளி விட்டுக்கினு இருக்கீங்களே, டியூப் லைட்டுல 1/250 வச்சி எடுத்து பாத்திருக்கீங்களா யாராவது? ஒரு ஃபிரேம் பளிச்சுன்னு வரும், அடுத்தது மஞ்சளா டல்லா வரும், இன்னொண்ணுல பாதி ஃபிரேம் இருட்டா பட்டை அடிக்கும். நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், பழைய சோக்கு வச்ச டியூப் லைட்டு நொடிக்கு 100 தடவ ஏறி எறங்கும். மட்டமான எல்இடி ஃபோகஸ் லைட்டும் அதே கதைதான். 1/100 இல்லன்னா 1/50 வச்சா எல்லா ஃபிரேமும் ஒரே மாதிரி வரும், அதுக்கு மேல போனா லாட்டரி. மண்டபத்துல நான் தெனமும் படற பாடு இது.

இதுக்குத்தான் பாடியில ஆன்டி ஃபிளிக்கர்னு ஒண்ணு வச்சிருக்கான். லைட்டு உச்சத்துல இருக்கற நேரம் பாத்து ஷட்டர திறக்கும். 1300டில அது கெடையாது. 6டிலயும் கெடையாது, ஓடி தம்பி கவனிக்கணும். இத எந்த லென்ஸ் வாங்கியும் சரி பண்ண முடியாது.

ஊசுடு_நாரை

அண்ணன் சொல்றது ரொம்ப முக்கியமான பாயின்ட், நான் பகல்ல பறவை எடுக்கற ஆளு, இது எனக்கு தோணல. கூத்து வெளிச்சம் முழுக்க டியூப் லைட்டும் எல்இடியும்தான், பெட்ரோமாக்ஸ் காலம் போயி எவ்ளோ நாளாச்சி. அப்படின்னா 50 வாங்கற முடிவு மாறல, எடுக்கற விதம் மாறுது. இப்போதைக்கு 1/100ல நிறுத்திக்குங்க, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 போதும் அதுக்கு. அந்த 1600 உங்க பாடியில நல்லா சுத்தமா இருக்கும். 1/100க்கு சுத்தி ஆடறது முழுசா நிக்காது, ஆனா வசனம் பேசற இடம், முகபாவம், கட்டியங்காரன் கிண்டல் பண்றது, திரைக்கு மேல முகம் மட்டும் தெரியற நேரம் எல்லாம் நிக்கும். வேகமான ஆட்டத்துக்கு 1/250 வச்சி நெறைய எடுத்து நல்லத பொறுக்கிக்குங்க.

பாண்டி_பிரைம்

அப்ப பாடியும் வேணும்னு ஆயிடுச்சா. நான் லென்ஸ் கட்சி, ஆனா இதுக்கு பதில் இல்ல என்கிட்ட. ஆர்10க்கு போவாம ஆன்டி ஃபிளிக்கர் இருக்கற பழைய பாடி எது இருக்கு?

முகூர்த்தக்_கேமரா

80டி. 2016ல வந்தது. 45 பாயின்ட், 45ம் கிராஸ் டைப், நொடிக்கு 7 ஃபிரேம், ஆன்டி ஃபிளிக்கர் இருக்கு, லைவ் வியூவுல (பின்னாடி ஸ்கிரீன்ல பாத்து எடுக்கறது) டூயல் பிக்சல் ஃபோகஸ். கிராப் பாடி, அதனால தம்பியோட கிட்டும் மாட்டும், 50ம் மாட்டும். லென்ஸ் ஃபோகஸ் கொஞ்சம் முன்ன பின்ன விழுந்தா அட்ஜஸ்ட் பண்ற வசதியும் இருக்கு, 1300டில அது கெடையாது. போட்டோவுல இருட்டான எடத்த பின்னாடி வெளிச்சமாக்குனாலும் 1300டி மாதிரி கோடு விழாது, சென்சார் தலைமுறை வேற. செகண்ட்ஸ் விலை ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பேசி எடுத்தா 50யோட சேர்த்து உன் எழுவதுக்குள்ள வந்து மிச்சமும் இருக்கும். ஆர்10 இல்லன்னா என் ஓட்டு இதுக்கு.

200டி வேணாம், வ்யூஃபைண்டர்ல அதே 9 பாயின்ட்தான்.

அலையாத்தி

80டி சரியா படுது எனக்கு. 55-250, 10-18 ரெண்டும் இப்ப எதுக்குன்னு கேக்கணும் கெடிலக்கரையான். நீங்க எடுக்கறதுல எந்த போட்டோ வைடு பத்தாம கெட்டுப்போச்சி? எது தூரம் எட்டாம போச்சி? நீங்க ஒண்ணும் சொல்லலயே. வீராம்பட்டினம் தேருக்கு ஆடி மாசம் வர்ற ஆளுன்னா கூட்டத்துக்கு நடுவுல 10-18 வேணும்னு நானே சொல்லுவேன். ஊசுட்டேரிக்கு பறவை பாக்க போற ஆளுன்னா 250 கூட பத்தாது, நாரை அண்ணனுக்கு தெரியும். பையில அஞ்சு லென்ஸ் இருக்கறவங்க பாதி பேரு அதுல ரெண்ட வருஷத்துக்கு ஒரு தடவதான் எடுக்கறாங்க, அதுவும் பூஞ்சை வந்துடுச்சான்னு பாக்க.

பூஞ்சைன்னதும் ஞாபகம் வருது. பாண்டி கடலூர்ல செகண்ட்ஸ் லென்ஸ் வாங்கறவங்க எல்லாரும் இத படிங்க. நம்ம கடல் காத்து, ஐப்பசி கார்த்திகை ஈரம், பீரோவுக்குள்ள லெதர் பையில போட்டு வச்சிருப்பாங்க, பூஞ்சை வந்தே தீரும். வாங்கும்போது மொபைல் டார்ச்ச பின்பக்கமா அடிச்சி முன்னாடி இருந்து சாய்ச்சி பாருங்க. நூல் நூலா, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பேசவே வேணாம், எவ்ளோ கொறைச்சாலும் வேணாம். தூசி நாலு இருந்தா பரவால்ல, போட்டோவுல தெரியாது. அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய் பளபளப்பு இருக்கான்னு பாருங்க. வாங்குன பெறகு டிரை கேபினெட் வாங்க காசில்லன்னா காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, நீலமா இருக்கறது ரோஸ் ஆயிட்டா சூடு பண்ணி திரும்ப நீலமாக்கணும். ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும், ரொம்ப காஞ்சாலும் நல்லதில்ல.

கெடிலக்கரையான்

அக்கா நான் கேமராவ துணி பையில சுத்தி அலமாரியில வச்சிருக்கேன்... இன்னிக்கே டப்பா வாங்கறேன்.

ஒரு சந்தேகம். இஎஃப் லென்ஸ் இனிமே வராதுன்றாங்களே, எல்லாம் ஆர்எஃப் (ஆர் பாடிங்களோட புது மவுண்ட்) ஆயிடுச்சி, இப்ப போய் 80டியும் பழைய 50யும் வாங்குனா பணம் முடங்கிடாதா?

ஊசுடு_நாரை

புதுசா இஎஃப் லென்ஸ் டிசைன் பண்றத கேனான் நிறுத்திடுச்சி, அது நெஜம். ஆனா 1987ல இருந்து செஞ்ச லென்ஸ் அவ்ளோவும் ஊர் பூரா கெடக்கு, அதான் விலை எறங்கி நமக்கு எட்டுது. நாளைக்கே ஆர் பாடிக்கு மாறுனாலும் அந்த 50 அடாப்டர்ல வேலை செய்யும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, ஆர்8 மாதிரி ஃபுல் பிரேம்ல இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டுனா படம் சுருங்கி 24 மெகாபிக்சல்ல 9 சொச்சம்தான் மிஞ்சும். அதனால 10-18, 55-250 மாதிரி இஎஃப்-எஸ்ல காச கொட்டறதுக்கு முன்னாடி யோசிக்கலாம். 50க்கு அந்த பிரச்சனையே இல்ல.

ஓடி_துறைமுகம்

ஆன்டி ஃபிளிக்கர் விஷயத்துல 6டி அவுட்டுன்னு ஒத்துக்கறேன். விடியக்காலம் எடுக்கற எனக்கு டியூப் லைட்டே இல்ல, அதான் தெரியல. ஆனா கல்யாணத்துக்கு ஃபிளாஷ் பத்தி யாரும் சொல்லலயே? சொந்தக்காரங்க ஃபங்ஷனுக்கு பாடியும் வேணாம் லென்ஸும் வேணாம், ஒரு ஃபிளாஷ வாங்கி மேல சீலிங்ல அடிச்சா கிட் லென்ஸே போதும்.

முகூர்த்தக்_கேமரா

கரெக்டு. கோடாக்ஸ் டிடி685 கேனானுக்குன்னு கேட்டு வாங்கு, டிடிஎல் இருக்கும், எவ்ளோ வெளிச்சம் வேணும்னு தானா கணக்கு போடும். வெள்ளை சீலிங் தாழ்வா இருந்தா அருமையா வரும், ஷாமியானா பந்தல்னா சிவப்பு துணியில பட்டு மூஞ்செல்லாம் செவந்துடும், அங்க நேரா வச்சி மேல வெள்ளை அட்டை கட்டிக்கணும். கூத்துல மட்டும் ஃபிளாஷ் அடிக்காத தம்பி, ஆடறவங்க கண்ணு கூசும், அரிதாரமும் தட்டையா சுண்ணாம்பு அடிச்ச சுவர் கணக்கா வரும்.

இன்னொண்ணு, 200டி மார்க் 2 வாங்கற எண்ணம் யாருக்காவது இருந்தா, அதுல ஃபிளாஷ் மாட்டற இடத்துல நடு பின் கெடையாது. பழைய மேனுவல் ஃபிளாஷ் மாட்டுனா எரியாது. கடையில சொல்ல மாட்டான்.

பாண்டி_பிரைம்

வாங்கறத பத்தி ஒண்ணு. பாண்டியில வரி கம்மின்னு பஸ் ஏறி வராதீங்க. அது அந்த காலம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுல இருந்து கடலூர்லயும் இங்கயும் ஒரே வரிதான். எங்க மாமா இன்னும் டிவி வாங்கணும்னா பாண்டிக்கு போலாம்ன்றாரு, அவருக்கு டிவி சாக்கு, வேற வேலைக்கு வராரு. பில்லு, இந்தியா வாரன்டி கார்டு ரெண்டும் இல்லாம "இம்போர்ட் பீஸு, அஞ்சாயிரம் கம்மி"ன்னு சொன்னா அத தொடவே தொடாதீங்க.

கெடிலக்கரையான்

சரி முடிவு பண்ணிட்டேன். 50 இந்த வாரமே புதுசா எடுத்துடறேன். ராவ்க்கு ஒரு 64 ஜிபி. அடுத்த கூத்துல 1300டிலயே 1/100, எஃப் 2, 1600 போட்டு எடுத்து பாக்கறேன். 80டி பொறுமையா தேடறேன், கெடைச்சா எடுப்பேன். ஆர்10 கைமாத்து கேன்சல், வீட்டுக்காரம்மா பலமா தலையாட்டுனாங்க. 10-18, 55-250 இப்ப இல்ல.

50ல எதாவது ஃபில்டர் போடணுமா? கடையில யூவி ஃபில்டர் போட்டாதான் லென்ஸ் நிக்கும்னாங்க.

அலையாத்தி

பீச்ல எடுக்கும்போது போட்டுக்குங்க, உப்பு தண்ணி தெறிக்கும், தொடைச்சிக்கலாம். 50க்கு 49 எம்எம் சைஸு, உங்க கிட்டுக்கு 58, மாத்தி வாங்கிடாதீங்க. கூத்துக்கு போகும்போது கழட்டிடுங்க. ஃபோகஸ் லைட்டு நேரா பட்டா மலிவு ஃபில்டர்ல வெளிச்சம் திரும்பி அடிச்சி, கிரீடத்துக்கு பக்கத்துலயே பச்சையா ஒரு பூதம் நிக்கும்.

80டி விஷயம்: வில்லியனூர்ல எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் மிரர்லெஸ் மாறிட்டு 80டி பாடி விக்கறேன்னாரு. கேட்டு சொல்லட்டுமா?

கெடிலக்கரையான்

கேளுங்க அக்கா! ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்னு சொல்லுங்க. போகும்போது என்னென்ன பாக்கணும்?

முகூர்த்தக்_கேமரா

உன் 50யையும் உன் கார்டையும் எடுத்துக்கினு போ. ஷட்டர் கவுன்ட் எவ்ளோன்னு கேளு, ஆனா கேனான் பெரும்பாலும் அத போட்டோ ஃபைல்ல எழுதாது, கேபிள் போட்டு லேப்டாப் சாஃப்ட்வேர்லதான் பாக்கணும், லேப்டாப் இருந்தா தூக்கிக்கினு போ. எஃப் 16 வச்சி வானத்த ஒண்ணு எடுத்து பெருசு பண்ணி பாரு, சென்சார்ல கறை இருந்தா கருப்பு புள்ளியா தெரியும், தூசின்னா சுத்தம் பண்ணிக்கலாம். 1.8ல வச்சி ஒரு பேப்பர் எழுத்த சாய்வா எடு, ஃபோகஸ் எங்க விழுதுன்னு தெரியும். திரும்பற ஸ்கிரீன்ன நல்லா மடக்கி நிமுத்தி பாரு. எல்லா டயலையும் சுத்து, கடலோர கேமராவுல பட்டன் உப்பு ஏறி மக்கர் பண்ணும்.

ஓடி_துறைமுகம்

பேட்டரி எத்தன குடுக்கறாருன்னு மொதல்ல கேளு. 80டிக்கு எல்பி-ஈ6, உன் 1300டிக்கு எல்பி-ஈ10, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஏறாது. ராத்திரி பூரா கூத்துன்னா ரெண்டு வேணும்.

கெடிலக்கரையான்

ரெண்டு பேட்டரியோட பேசறேன் அண்ணா. ஒண்ணுதான்னா ஆயிரம் கொறைக்க சொல்றேன்.